மண்டையோட்டை அழிக்க முன்னர் ஒரு கையொப்பம் வாங்குங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா பௌதிகவியல் ஆசிரியர், போன வருடம் காலமானார். ஆட்டைத் திவசத்துக்கு அவர் நினைவாக ஓர் உருவக ஓவியம் (ஆளை அப்படியே வரையாமல் குறியீடுகளால் சொல்லும் படம்) வேண்டுமென்று, மிலானில் இருக்கும் தம்பி, சித்தப்பா மகன், மூலம் ஓர் இத்தாலிய ஓவியரிடம் சொல்லியிருக்கிறார். பேசியது 4,000 யூரோ, கொடுத்தது 2,400. வந்த படத்தில் அப்பாவின் முகமே இல்லை. வெள்ளை உடுத்த ஒரு பெண், அணைந்த விளக்கு, மணற்கடிகாரம், அடுக்கிய புத்தகங்களின் மேல் ஒரு மண்டையோடு. சுருட்டிய கான்வஸ் குழாயோடு அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது, அம்மா அந்த அறைக்குள் போவதேயில்லை. கொடுத்த காசைத் திருப்பி எடுக்கலாமா, தம்பி மேல் வழக்குப் போடலாமா, கொழும்பு ஓவியர் ஒருவர் மண்டையோட்டின் மேல் அப்பாவின் முகத்தை வரைந்து தருகிறேன் என்கிறார், அதை நினைவு மலர் அட்டையில் போடலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, உங்கள் கடிதம் ஐந்து பக்கம், முழுவதும் வாசித்தேன். தம்பி இடையில் காசு அடித்தாரா, அம்மா எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதெல்லாம் எனக்கு விளங்குகிறது, ஆனால் நீதிமன்றம் அதைக் கேட்காது. கேட்கப் போவது ஒன்றைத்தான். மார்ச் மாதம் ஓவியர் வாட்ஸ்அப்பில் பென்சில் மாதிரி அனுப்பினாரே, அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? 'லவ்லி, ப்ளீஸ் கோ அஹெட்.' நீங்கள் எனக்கு அனுப்பிய ஸ்க்ரீன்ஷொட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்கக் கீழ் மூலையில், புத்தகங்களின் மேல், சின்னதாக அந்த மண்டையோடு இருக்கிறது. முகம் அதிலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, வாட்ஸ்அப்பில் சொன்னது ஒப்பந்தமாகாது என்று நான் வாதாட முடியாது.

'நினைவு ஓவியம் என்றால் முகம் இருக்க வேண்டாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். உருவப்படம் என்றால் சரி. உருவக ஓவியத்தில் அப்படி ஒரு விதி இல்லை. 1720களில் ஓவன் மெக்ஸ்வினி என்ற ஐரிஷ்காரர் இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் நினைவாக வெனிஸ், பொலோஞ்ஞா ஓவியர்களிடம் இப்படிப் படங்கள் வரையக் கொடுத்தார், அதில் பத்தை ரிச்மண்ட் பிரபு வாங்கினார். நியூட்டனுக்கு வரைந்ததில் இருப்பது ஓர் அஸ்தித் தாழியும் முப்பட்டகத்தில் பிரியும் ஒளியும். பௌதிகவியல் ஆசிரியருக்கு நல்ல முன்மாதிரிதான். ஆனால் இதைத்தான் வேண்டும், இது வேண்டாம் என்று நீங்கள் முதலே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆகவே படம் பிழை என்ற வழக்கு உங்களிடம் இல்லை.

இனி நான் உண்மையாகப் பயப்படுகிற விஷயம், அந்தக் கொழும்பு ஓவியர். இதே வழியில் போன ஒரு குடும்பம் என்னிடம் வந்தது, வரும்போது காலம் கடந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு சிறகு முளைத்த உருவம் பிடிக்கவில்லை, இங்கே ஒருவரை வைத்து அதன் மேல் தென்னை மரம் வரைந்தார்கள், அட்டையில் போட்டு முந்நூறு பிரதி அடித்தார்கள், ஒரு மருமகன் அதை ஃபேஸ்புக்கில் ஏற்றினார், மூன்றாம் நாள் முதலில் வரைந்த ஓவியர் பார்த்துவிட்டார். அதுவரை மிச்சக் காசைப் பிடித்து வைத்திருந்தது அவர்களுக்கு ஒரு பிடியாக இருந்தது. படத்தில் கை வைத்த அன்றைக்கே அந்தப் பிடி போய்விட்டது. ஏனென்றால் வேண்டாம் என்கிற பொருளை யாரும் திருத்திச் சுவரில் மாட்டுவதில்லை, அது ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். குறை இருந்தது என்று காட்ட இருந்த ஒரே சாட்சியும் தென்னை மரத்துக்குக் கீழே போய்விட்டது. அதோடு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, தன் பெயருக்குப் பாதகமாகப் படைப்பைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமையை ஓவியருக்குக் கொடுக்கிறது. காசு கேட்டு வந்தவர் நட்ட ஈடும் கேட்டு வந்தார்.

இன்னொன்று. கான்வஸ் உங்களுடையது, பதிப்புரிமை அந்த இத்தாலிய ஓவியருடையது. காசு கொடுத்து வரைவித்தவருக்கே பதிப்புரிமை என்று சென்னை உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அங்கே சரி. இங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்தால்தான் முதலாளிக்குப் போகும், வெளியில் சொல்லி வரைவித்தால் ஓவியரிடமே நிற்கும். நினைவு மலர் அட்டைக்கு அவருடைய அனுமதி வேண்டும், அதுவும் எழுத்தில், இரண்டு பேரின் கையொப்பத்தோடு. நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நம்பி அச்சகத்துக்குப் போகாதீர்கள்.

வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கொழும்பில் வென்றாலும் அறவிட அந்த ஓவியருக்கு இங்கே ஒரு சதச் சொத்து இல்லை. அவரோ மிச்சம் 1,600 யூரோவுக்கு உங்கள் வாசலுக்கே வரலாம். எழுத்திலுள்ள ஒப்பந்தம் என்றால் அதற்கு ஆறு வருடம் இருக்கிறது. தம்பியை இழுத்தால் இரண்டாவது தவணை வங்கிக்கு வெளியே, உண்டியலில் போன கதையை நீங்களே சாட்சிக் கூட்டில் நின்று சொல்ல வேண்டி வரும். அவரை விட்டுவிடுங்கள்.

சமாதானமாகப் போங்கள். மிச்சத்தைத் தருகிறேன், மண்டையோடு எங்கள் வீட்டில் அமங்கலம், அந்த இடத்தில் நீங்களே எரிகிற விளக்கு வரைந்து தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் பார்த்த ஓவியர்கள் இதற்கு முகம் சுளித்ததில்லை. அனுப்பி எடுக்க நாள் போதாதென்றால், கொழும்பு ஓவியர் இன்னார், அந்த மூலையை மட்டும் இப்படி மாற்றலாம், நினைவு மலரில் ஒரு பதிப்புக்குப் படத்தைப் போடலாம் என்று ஒரே தாளில் எழுதி, நீங்களும் கையொப்பமிட்டு, அவருடைய கையொப்பமும் வாங்குங்கள். சும்மா 'ஓகே' என்று வருகிற பதில் போதாது. அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு மிச்சக் காசை வங்கி மூலம் அனுப்புங்கள், அதுவரை கான்வஸ் குழாய்க்குள்ளேயே இருக்கட்டும்.