வெட்டி அகற்றப்படும் பகுதியில் ஒரு பிழை: தலசீமியா அறிக்கை சொல்வது என்ன?

திருமணம் நிச்சயமாகியுள்ள வெள்ளவத்தை வாசகி ஒருவர், தாம் பீற்றா தலசீமியா (ஈமோகுளோபின் போதியளவு உருவாகாத பரம்பரை நோய்) காவி, அதாவது நோயின்றி அதற்கான மாற்றத்தைத் தாங்கியிருப்பவர், என்பதைக் குருதிப் பரிசோதனையில் அறிந்திருக்கிறார். பரம்பரையலகு அறிக்கையில் "ஐ.வி.எஸ். 1-5, ஜி > சி" என்று, அதாவது முதலாவது இன்ட்ரோன் என்னும் பகுதியின் ஐந்தாவது எழுத்தான ஜி, சி ஆகியுள்ளது என்று, குறிக்கப்பட்டுள்ளது. "இன்ட்ரோன் வெட்டி அகற்றப்படும் பகுதி என்றுதான் உயர்தர உயிரியலில் படித்தேன், அங்கே ஓர் எழுத்து மாறினால் புரதத்துக்கு என்ன கேடு? இரும்புச்சத்து மாத்திரை எடுக்கலாமா? என்னை மணக்கவிருப்பவரும் பரிசோதிக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

படித்தது சரியே. ஆனால் அகற்றப்படும் பகுதியின் விளிம்பில்தான், எங்கே வெட்ட வேண்டும் என்ற அடையாளமும் இருக்கிறது.

ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்கான தகவல் 11ஆம் நிறமூர்த்தத்தில் மூன்று துண்டுகளாக, இடையே இரண்டு இன்ட்ரோன்களுடன் அமைந்துள்ளது. செங்குழியமாக மாறவிருக்கும் கலம் முதலில் முழுவதையும் ஆர்.என்.ஏ. ஆகப் பிரதியெடுத்து, பின்னர் இன்ட்ரோன்களை நீக்கி, மூன்று துண்டுகளையும் ஒட்டி, அந்தத் தூது ஆர்.என்.ஏ.யைக் கலத்தின் கருவுக்கு வெளியே அனுப்புகிறது. அங்கே புரதம் தயாரிக்கும் றைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாக வாசித்து, 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியைக் கோக்கிறது.

முதலாவது இன்ட்ரோன் ஆர்.என்.ஏ.யில் ஜி-யூ-யூ-ஜி-ஜி-யூ என்று தொடங்கும். உங்களிடமுள்ள இரு பிரதிகளுள் ஒன்றில் ஐந்தாவது ஜி, சி ஆகியிருக்கிறது. வெட்டுவதற்கு இன்றியமையாத முதல் இரண்டு எழுத்துகள் பழுதாகாததால் சரியான வெட்டு அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் அடையாளம் மங்கிவிட்டதால், சாக்குக்கட்டிக் கோடு அழிந்த துணியை வெட்டும் தையற்காரரைப் போல, கலம் பெரும்பாலும் அருகிலுள்ள வேறு மூன்று இடங்களில் ஒன்றில் வெட்டிவிடுகிறது. அவற்றுள் இரண்டு, சரியான இடத்துக்கு 16 அல்லது 38 எழுத்துகள் முன்னால் உள்ளன. மற்றையது 13 எழுத்துகள் தள்ளி, இன்ட்ரோனுக்குள்ளேயே இருக்கிறது. இந்த எண்களில் எதுவும் மூன்றால் வகுபடாது என்பதுதான் விடயத்தின் முடிச்சு. அந்த இடத்துக்குப் பின் மும்மூன்றாக வாசிக்கும் ஒழுங்கு குலைந்துபோவதால் பயன்படக்கூடிய பீற்றாச் சங்கிலி உருவாகாது. இலங்கையில் பீற்றா தலசீமியாவுக்குக் காரணமான மாற்றங்களுள் மிகப் பரவலாகக் காணப்படுவதும் இதுவே.

உங்கள் மற்றைய பிரதி சரியாக வேலை செய்கிறது. ஆகவே இது உங்களுக்கு நோயன்று. செங்குழியங்கள் சற்றுச் சிறியனவாக இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். இந்தச் சிறுமையை இரும்புக் குறைபாடு என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் பலர். குருதியில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்த்து, குறைபாடு உறுதியானால் மட்டும் வைத்தியரின் ஆலோசனைப்படி எடுங்கள்.

உங்கள் வருங்காலக் கணவர் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முழுக் குருதிக் கணிப்புடன், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனையும் தேவை. பீற்றா தலசீமியாக் காவியிடம் ஏ2 வகை பொதுவாக 3.5 சதவீதத்தை விடக் கூடுதலாக இருக்கும். இரும்புக் குறைபாடு அதைச் சற்றுக் குறைத்துக் காட்டலாம். ஈமோகுளோபின் ஈ வகையையும் தேடச் சொல்லுங்கள். அது 26ஆம் கோடோனில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) குளுத்தாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசீன் வருவதால் உண்டாவது. தனியே பெரும்பாலும் தொல்லை தராது, உங்களிடமுள்ள மாற்றத்துடன் ஒரு பிள்ளையில் சேர்ந்தாலோ தலசீமியா நோயாகிவிடும்.

அவர் காவியல்லர், ஈ வகையும் அவரிடம் இல்லை எனில் பிள்ளைக்குக் கடும் பீற்றா தலசீமியா வரும் என்ற அச்சம் தேவையில்லை. காவியெனில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு 25 சதவீதம். அதற்காகத் திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து. எனினும் கருத்தரிப்பதற்கு முன்னரே, கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு போன்ற ஓர் இடத்தில் இருவரும் சேர்ந்து ஆலோசனை பெறுங்கள். அண்மையில் அவருக்குக் குருதி ஏற்றப்பட்டிருந்தால் அதைப் பரிசோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஏற்றிய குருதி முடிவைக் குழப்பிவிடும்.