வயதாக ஆக, பார்க்கவும் நன்றாக இருந்து உடம்பிலும் தெம்போடு இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எனக்கு இப்போது 64. பத்து வருடம் முன்பு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீசைக்கு டை அடிக்கிறேன்" என்பதோடு பதில் முடிந்திருக்கும். தலைக்கும் அடிப்பதுண்டு, ஆனால் மீசைதான் முக்கியம். தலை நரைத்தால் அனுபவஸ்தன் என்பார்கள். மீசை நரைத்தால் மட்டும் ஏனோ நேராகத் தாத்தா ஆக்கிவிடுகிறார்கள்.

அந்த டை 61-ஆவது வயதில் என்னைக் கைவிட்டது. ஒரு சனிக்கிழமை இரவு அடித்துக்கொண்டு படுத்தேன். ஞாயிறு முழுக்க மேலுதடு அரித்தது. திங்கட்கிழமை காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு இமையும் பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி வீங்கியிருந்தன, மீசைக்கு அடியில் தோல் கொப்பளித்து நீர் வடிந்தது. "பதினஞ்சு வருஷமா இதே டைதான் டாக்டர், புதுசா எதுவும் போடலை" என்றேன். "பதினஞ்சு வருஷம் போட்டதுதான் சார் விஷயமே" என்றார் தோல் மருத்துவர்.

கறுப்பு டை பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினிலீன்டையமின் என்ற பொருள் இருக்கிறது, சுருக்கமாக பிபிடி. உடம்பு அதைப் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, ஒருநாள் திடீரென்று எதிரி என்று முடிவு கட்டிவிடும். அதன் பிறகு சமாதானம் கிடையாது, அடுத்த முறை போட்டால் இன்னும் மோசமாகும். அடித்த உடனே தெரியாது என்பதுதான் வம்பு. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லி டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பது இதற்காகத்தான். நான் அதைப் படித்ததே இல்லை. 'அமோனியா இல்லை' என்று பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அமோனியா வேறு, பிபிடி வேறு.

புண் ஆறி, முளைத்த மீசை சுத்த வெள்ளை. இனி நம் கதை முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது.

உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் யாரோ போனில் எடுத்தது. கூடத்துக்குள் ஒருவர் நடந்து போகிறார், முதுகுதான் தெரிகிறது. தோள் முன்னால் விழுந்து, குதிகாலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார். "யாரு இந்தப் பெரியவர்?" என்று கேட்டேன். என் மனைவி போனை என் முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "சட்டையைப் பாருங்க" என்றாள்.

அந்த வீடியோவில் என் மீசை ஒரு நொடிகூட இல்லை. முகமே இல்லை. பதினைந்து வருடமாக நான் காவல் காத்தது தவறான வாசலை.

அன்றிலிருந்து அவள் இன்னொரு வேலையும் செய்தாள். நான் உட்காரும்போதும் எழும்போதும் "அப்பாடா" என்பதை ஒரு நாள் முழுக்க எண்ணினாள். 23. "அத்தனை தடவை நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்று சண்டை போட்டேன். போட்டுவிட்டு நாற்காலியில் உட்காரும்போது வந்தது 24.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண். எக்ஸ்ரே எல்லாம் கேட்கவில்லை, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டார். "கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கோங்க சார். 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு பார்ப்போம்." ஒன்பது முறை. ஒன்பதாவதில் தொடை நடுங்கியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியோர் கீழே விழுவதைத் தடுப்பதற்காகப் பயன்படுத்தும் சோதனை இது. 60 முதல் 64 வயது வரை உள்ள ஆணுக்கு 14-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு, அதே வயதுப் பெண்ணுக்கு 12. "நான் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேனே!" என்றேன். இதை எல்லோரும்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது, அவர் சிரித்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தசையில் நின்று நிதானமாக உழைக்கும் இழைகள் உண்டு, வெடுக்கென்று விசையோடு இயங்கும் இழைகளும் உண்டு. நடையில் உழைப்பது பெரும்பாலும் முதல் ரகம். நாற்காலியை விட்டு எழ, தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றிச் சமாளிக்க, மாடிப்படி ஏற இரண்டாவது ரகம் வேண்டும். வயது ஆக ஆக அதிகம் கரைவது அதுதான். 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை போகிறது, 60-க்குப் பிறகு வேகம் இன்னும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்வது எல்லோருக்கும் தெரியும். அதே பரிந்துரையில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரியை நம்மில் முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை. டை டப்பா மாதிரிதான்.

அவர் கொடுத்த பயிற்சி சிரிக்கும்படி எளிமையாக இருந்தது. அதே நாற்காலி. மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும், ஒன்று எண்ணுவதற்குள் எழ வேண்டும். தொப்பென்று விழக் கூடாது, இறங்குவதில்தான் பாதிப் பலன். பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவை இடையில். மூன்றாவது நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். நான்காவது வாரம் பத்து ரொம்பச் சுலபமாகிவிட்டது. அப்போது ஒரு பையில் புத்தகம் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். சுலபமானால் சுமையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். மூன்று மாதத்தில் 9 என்பது 13 ஆனது. ஒரு வருடத்தில் 17.

"இந்த வயசுலயா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. முதியோர் இல்லம் ஒன்றில் சராசரியாக 90 வயதான பத்துப் பேரை எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்யவைத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 90 வயதில்! நமக்கெல்லாம் என்ன சாக்கு? (இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.)

பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. முதல் நாள் நான்கு நொடிதான் நின்றேன், அதுவும் வாஷ்பேசினைப் பிடித்தபடி. 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டார்கள். ஒற்றைக் காலில் நிற்பதால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உள்ளே பல விஷயம் தளர்ந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. எனக்கு அந்த எச்சரிக்கையே போதுமானதாக இருந்தது.

சாப்பாட்டில் நான் செய்துவந்த தப்பையும் சொல்ல வேண்டும். வயதானால் அரை வயிறுதான் சாப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவில் ஏறக்குறைய பட்டினி. எடை குறைந்தது, எல்லோரும் "இளைச்சுட்டீங்களே!" என்றார்கள், நானும் பூரித்துப்போனேன். குறைந்ததில் ஒரு பகுதி தசையாக இருந்திருக்கும். கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 84 கிராம். இதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, பார்க்க எப்படி இருக்கிறோம் என்பதற்கு வருவோம். சட்டைக் கையை மடித்து, உங்கள் மேற்கையின் உள்பக்கத்தை, அக்குளுக்குக் கொஞ்சம் கீழே பாருங்கள். பிறகு புறங்கையைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல். என் உள்பக்கம் நாற்பது வயதுக்காரனுடையது மாதிரி வழவழப்பாக இருக்கிறது, புறங்கை புள்ளியும் சுருக்கமுமாக என் அப்பாவுடையதாக இருக்கிறது. நடுவில் உள்ள வித்தியாசம் வெயில். 2012-இல் ஒரு மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது, 28 வருடம் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்து வரிவரியாகத் தொங்குகிறது, வலது கன்னம் பத்திருபது வயது குறைந்தவருடையது போல இருக்கிறது. புற ஊதாக் கதிர்களில் யுவிஏ என்ற வகை கண்ணாடியைத் தாண்டியும் வந்துவிடும்.

ஆகவே தோலுக்கு நான் செலவழிப்பது சன்ஸ்கிரீனுக்கு மட்டும்தான். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்துப் பார்த்தார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி, தோன்றியபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. கொலாஜன் கிரீம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்த மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது, மேலே கிடந்து ஈரப்பதம் கொடுக்கும். அதைச் சாதாரண மாய்ஸ்சுரைசரே செய்துவிடும். சுருக்கத்துக்கு நிஜமாகவே வேலை செய்யும் மருந்து டிரெட்டினாயின். அது மருத்துவர் சொல்லிப் போட வேண்டியது, எடுத்த எடுப்பில் தோல் உரியும். எனக்குப் பொறுமை இல்லை, விட்டுவிட்டேன். புகைப்பவர்கள் கிரீம் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் அதை நிறுத்துங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. காதிலும் மூக்கிலும் வளரும் முடியை வாரம் ஒருமுறை கவனியுங்கள் (இதை யாரும் நம் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்). பழைய சட்டைகளைப் போட்டுப் பாருங்கள். என் கழுத்து மெலிந்து, காலருக்கும் கழுத்துக்கும் நடுவே மூன்று விரல் போகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. உள்ளே ஒரு ஆமை இருப்பது போன்ற தோற்றம். ஒரு அளவு சின்னதாக வாங்கினேன். டையை விட்டு வந்ததில் நஷ்டம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, வெள்ளை மீசையை ஒட்ட நறுக்கி வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது.

காது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவர் காதில் மெஷின் வைத்தால் கிழவன் மாதிரி தெரியும் என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டார். அந்த நான்கு வருடமும் எந்தப் பேச்சிலும் புருவத்தைச் சுருக்கி, வாயை லேசாகத் திறந்து "ஆங்?" என்று முன்னால் சாய்ந்தார். பிறகு அதுவும் அலுத்து, எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி தாமதமாகச் சிரிக்க ஆரம்பித்தார். அதைவிட வயதான முகம் எது? போன வருடம் மெஷின் வைத்தார். காதுக்குப் பின்னால் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை, புருவம் இறங்கியது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. நடுத்தர வயதில் வரும் காது மந்தத்தைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான அபாயம் கூடுகிறது என்பதும் மருத்துவர்கள் சொல்வதுதான்.

மனசு பற்றிக் கேட்கிறீர்களா? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 660 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். நினைப்புதான் ஆயுளைக் கொடுத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன்: "இனிமே நமக்கெதுக்கு" என்று சொல்கிறவர் அந்த நாற்காலிப் பயிற்சியைச் செய்வதில்லை. முதல் நாளே ஒன்பதோடு எழுந்து போய்விடுவார்.

என் மனைவிக்கு 59. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னதிலிருந்து அவளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு வீட்டு வேலையே எக்சர்சைஸ்" என்று மறுத்துவந்தாள். போன வாரம் அவள் மாத்திரை டப்பாவின் மூடி கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. நான் தரையில் படுத்து எடுத்துக்கொண்டு, கை ஊன்றாமல் எழுந்தேன். சத்தமே இல்லை. அதை வாங்கிக்கொள்ள அவள் கட்டிலை விட்டு எழுந்தபோது ஒரு "அப்பாடா" வந்தது.

ஒன்று, என்றேன்.

முறைத்தாள். மறுநாள் காலை சுவரோரம் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது.