1 பிளிக், 2 பிளிக்கி, 5 பிளிக்குஃப்

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் கையேடுகள் மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் சரியாகிவிட்டது.

கேள்வி: எங்கள் செயலியைப் போலிஷ் மொழியில் கொண்டுவருகிறோம். 400 ஆங்கிலச் சொற்களை எக்செலில் போட்டு அனுப்பினால், பக்கத்துக் கட்டத்தில் போலிஷ் எழுதித் தர முடியுமா?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

எழுதித் தரலாம். அதை அப்படியே செயலியில் ஏற்றினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். 'ஓப்பன்' என்று ஒரு கட்டத்தில் இருக்கும். அது 'திற' என்கிற பொத்தானா, 'திறந்திருக்கிறது' என்கிற தகவலா? பொத்தான் என்றால் 'ஓத்ஃபூஷ்'. கடைக் கதவில் தொங்குவது 'ஓத்ஃபார்தே'. 'ஆர்டர்' என்பது சாமானுக்குக் கொடுக்கிற ஆர்டரா, மேலிருந்து கீழாக அடுக்குகிற வரிசையா? இரண்டுக்கும் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு சொற்கள். அதனால் எக்செலோடு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள். சொல் எங்கே உட்காரப்போகிறது என்று தெரியாமல் போலிஷில் ஒரு சொல்லும் எழுத முடியாது.

இது சின்னத் தலைவலி. பெரியது எண்ணிக்கை. கோப்புக்குப் போலிஷில் 'பிளிக்'. ஒன்று என்றால் பிளிக். 2, 3, 4 என்றால் பிளிக்கி. 5 முதல் 21 வரை பிளிக்குஃப். சரி, முடிந்தது என்று மூச்சு விடும்போது 22, 23, 24-க்கு மறுபடியும் பிளிக்கி வந்து நிற்கும். 25-லிருந்து திரும்பவும் பிளிக்குஃப். 112-க்கு? பிளிக்குஃப்தான், கடைசியில் 12 வருகிறதே! 'ஒன்று என்றால் இது, மற்றதற்கெல்லாம் அது' என்று உங்கள் நிரலில் இரண்டே அறை இருந்தால், நான் எதை எழுதினாலும் தப்பாகத்தான் முடியும். செயலிகளை மொழிபெயர்க்க நிரலர்கள் பயன்படுத்தும் குனூ கெட்டெக்ஸ்ட் என்ற கருவியின் கையேட்டிலேயே இதற்கு உதாரணமாகப் போலிஷ் 'பிளிக்'கைத்தான் காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆட்களை அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நிரலைத் தொடவே மாட்டோம் என்று அவர்கள் அடம்பிடித்தால், 'லிஜ்பா பிளிக்குஃப்: 5' என்று போட்டுவிடலாம். 'கோப்புகளின் எண்ணிக்கை: 5' என்று பொருள். எண் தனியாக நிற்பதால் சொல் மாறாது. அழகாக இருக்காது, ஆனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, தமிழ் ஆட்கள் கண்ணில் படாமலே போவது. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று நாம் கேட்டால், மறந்தது ஆணா பெண்ணா என்ற பேச்சே வராது. போலிஷில் 'நீ மறந்தாய்' என்பது ஆணுக்கு 'ஸபொம்ன்யாவெஷ்', பெண்ணுக்கு 'ஸபொம்ன்யாவாஷ்'. திரைக்கு முன்னால் யார் இருக்கிறார் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? அதனால் இங்கே பல தளங்களில் 'கடவுச்சொல் நினைவில்லையா?' என்று நிகழ்காலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். நிகழ்கால வினையில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. இந்த உபாயத்தை நானே கண்டுபிடித்ததாக முதல் வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் வேலையைத் திருத்தும் போலிஷ் அம்மாள், "இது ஊரறிந்த விஷயம்" என்று சொல்லிவிட்டார்.

கேள்வி: மோட்டார் பம்புக் கையேட்டை இணையத்திலேயே போலிஷ் ஆக்கிவிட்டோம். நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதுமா?
– பம்பு உற்பத்தியாளர், கோவை

போதாது. முதலில் எண்களைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,450 சுற்று என்று அச்சடித்திருப்பீர்கள். போலந்தில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அங்கே இருக்கிற மெக்கானிக் உங்கள் பம்பு நிமிடத்துக்கு ஒன்றரைச் சுற்றுக்கூடச் சுற்றாது என்று படிப்பார். '1 450' என்று இடைவெளி விட்டு எழுத வேண்டும், 2.5 பார் அழுத்தம் '2,5' ஆக வேண்டும்.

அடுத்தது கிரேன். நான் செய்த முதல் பெரிய தப்பு இதுதான், அதனால் மனப்பாடம். ஒலியை நம்பி 'க்ரான்' என்று எழுதிக் கொடுத்தேன். போலிஷில் க்ரான் என்றால் தண்ணீர்க் குழாய். 'இரண்டு டன் தாங்கும் குழாயால் இயந்திரத்தைத் தூக்கவும்' என்று அச்சுக்குப் போக இருந்ததை அந்த அம்மாள்தான் நிறுத்தினார். பொதுவாகக் கிரேனுக்கு 'ஜ்விக்'. தொழிற்சாலைக் கூரையின் கீழ் தண்டவாளத்தில் ஓடுவது 'ஸுவ்னித்ஸா'. 'ஜூராஃப்' என்றும் ஒன்று உண்டு, அது கொக்கு இனத்துப் பறவைக்கும் பெயர், கிரேனுக்கும் பெயர். கதான்ஸ்க் நகரில் மொத்வாவா ஆற்றங்கரையில் 15ஆம் நூற்றாண்டு மரக் கிரேன் ஒன்று நிற்கிறது. அதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரே ஜூராஃப். உள்ளே பெரிய சக்கரங்களில் ஆட்கள் நடந்து நடந்து சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். பம்புக் கையேட்டுக்கு இது தேவையில்லாத கதை, தெரியும்.

நட்டுக்கு 'நக்ரெந்த்கா'. பாட்டில் மூடிக்கும் அதே சொல்தான். அங்கே யாரும் குழம்ப மாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிராகோவில் படிக்கப் போகிறேன். ஆங்கிலம் தெரிந்தால் போலிஷ் பாதி புரிந்துவிடும் என்கிறாள் தோழி. நிஜமா?
– மாணவி, திருச்சி

அந்தப் பாதிதான் ஆபத்து. ஜாம் பாட்டிலைக் காட்டி, 'ப்ரிசர்வேட்டிவ்' இல்லாதது வேண்டும் என்று கேட்க நினைத்து, 'ப்ரெஸெர்வதிவா' என்று சொல்லிவிடாதீர்கள். அது ஆணுறை. நீங்கள் தேடும் சொல் 'கொன்ஸெர்வன்ட்'. 'அக்துவால்னியே' என்றால் 'தற்போது'. ஆங்கிலத்து 'ஆக்சுவலி' இல்லை. ஆங்கிலத்து 'டேட்டா' மாதிரித் தெரியும் 'டாட்டா' என்பது தேதி. தரவுக்கு வேறு சொல். கணக்குப் படிப்பு என்றால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் போலிஷில் 'மிலியார்ட்'. போலிஷ் 'பிலியோன்' அதைப்போல் ஆயிரம் மடங்கு. அப்புறம், பேச்சில் ஒருவர் 'நோ' என்றால் மறுக்கிறார் என்று திரும்பி நடக்காதீர்கள். 'ம், ஆமாம்' என்கிறார். மறுப்புக்கு 'நியே'.

கேள்வி: ஆங்கிலச் சொற்களை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்களா, நம்மைப் போலச் சொல்லாக்கம் செய்வார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இரண்டும்தான். சைக்கிளுக்கு 'ரோவெர்' என்று பெயர்; ரோவர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர் அப்படியே பொதுச்சொல் ஆகிவிட்டது. 'சிப்ஸ்' ஏற்கெனவே பன்மை என்று கவலைப்படாமல் அதன் மேல் போலிஷ் பன்மை விகுதி சேர்த்துச் 'சிப்ஸி' என்பார்கள். நம் 'லேடீஸ்கள்' கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அச்சுப் பொறி, சார்ஜர், தேடுபொறி என்று பல கருவிகளுக்கு வினையோடு '-ஆர்கா' சேர்த்துச் சொந்தச் சொல் செய்துவிடுகிறார்கள்: த்ருகார்கா, வாடோவார்கா, விஷுகிவார்கா. இந்த விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

கேள்வி: மகனின் பிறப்புச் சான்றிதழைப் போலிஷில் மாற்றித் தருவீர்களா?
– வாசகி, சேலம்

அங்கே அரசு அலுவலகத்தில் கொடுப்பதற்கு என்றால் என் கையெழுத்து செல்லாது. உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் முத்திரை வைக்க வேண்டும். பட்டியல் போலந்து நீதி அமைச்சகத்தில் இருக்கிறது. அவர்கள் கணக்கில் இடைவெளியும் சேர்த்து 1125 எழுத்து ஒரு பக்கம். உங்கள் கையில் இருக்கிற ஒரு தாள் இரண்டு பக்கமாகிப் பில் வந்தால் திகைக்காதீர்கள்.

கேள்வி: மின்னஞ்சல் முகவரியில் வருகிற 'அட்' குறிக்குப் போலிஷில் என்ன?
– கல்லூரி மாணவர், மதுரை

'மாவ்பா'. குரங்கு. சுருண்ட வால், அவ்வளவுதான் காரணம். வந்த புதிதில் ஒரு வங்கியில் என் முகவரியை 'அட், அட்' என்று நாலு தடவை சொன்னேன். அந்தப் பெண் நாலு தடவையும் 'ஏ', 'டி' என்று இரண்டு எழுத்தைத் தட்டினார். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் பொறுக்க முடியாமல் "மாவ்பா!" என்று கத்தினார். என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன்.