ஆண் புழு கிடைக்காத இடத்தில்

கேள்வி: ஆஸ்திரேலியக் கரும்புத் தேரையின் நுரையீரலில் இருப்பது உள்ளூர்ப் புழு என்று நினைத்திருந்தார்களாம். டிஎன்ஏ பார்த்த பிறகுதான் வெளியிலிருந்து வந்த புழு என்று தெரிந்ததாம். நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரிந்திருக்காதா?
- முதுகலை விலங்கியல் மாணவி, திருச்சி

பதில்: அந்தப் புழுவை லென்சுக்கு அடியில் வைத்துத் திணறியவன் நான், அதனால் சொல்கிறேன். முன்பு செயல்முறை வகுப்பில் நம் ஊர்த் தேரையின் நுரையீரலை உப்புக் கரைசலில் போட்டு, நுனியை ஊசியால் கிழிப்போம். நூல் துண்டு போல ஒன்று நெளிந்து வெளியே வரும். உடல் வெளுப்பு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. அது குடல், உள்ளே இருப்பது தேரையின் ரத்தம். இதுதான் ராப்டியாஸ்.

பொதுவாக உருளைப்புழு என்றால் முதலில் ஆண் புழுவின் வாலைத்தான் தேடுவோம். சிற்றினத்தைக் காட்டிக்கொடுக்கும் ஊசி போன்ற உறுப்புகள் அங்கேதான் இருக்கும். ராப்டியாஸில் அதற்கு வழியில்லை. நுரையீரலில் வாழ்பவை எல்லாமே இருபாலிகள், அதாவது ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் கொண்டவை; ஆண்கள் வெளியே மண்ணில் வாழும் தலைமுறையில்தான் உண்டு. மிஞ்சுவது உதடு, வாய்க்குழி, உணவுக்குழாய், ஊதினாற்போன்ற மேல்தோல், வால். இவற்றிலும் சில, புழுவின் வயதுக்கும் பதப்படுத்திய விதத்துக்கும் ஏற்ப மாறிப்போகும்.

1935-ல் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து சுமார் 100 கரும்புத் தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வம்சத்தில் கண்ட புழுவை, உள்ளூர்த் தவளைகளில் வாழும் ராப்டியாஸ் ஹைலே என்றே நினைத்தார்கள். 2007-ல் மத்திய அமெரிக்கத் தேரைகளிலிருந்து ராப்டியாஸ் சூடோஸ்பெரோசெஃபாலா என்ற புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டது. மறு வருடமே சில்வைன் டுபே, ரிக் ஷைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். ஆஸ்திரேலியத் தேரையில் இருந்தது அந்த அமெரிக்கப் புழுவேதான். ஹைலே இருந்தது உள்ளூர்த் தவளைகளில்.

இதை வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ண வேண்டாம். தேரையை அடக்க இந்தப் புழுவைப் பயன்படுத்தலாமா என்று யோசித்தவர்கள் உண்டு. எந்தப் புழு என்றே தெரியாமல் அதைப் பரப்பினால் உள்ளூர்த் தவளைகளின் கதி என்ன?

அதற்காக நுண்ணோக்கியை மூட்டை கட்டிவிடாதீர்கள். டிஎன்ஏவை ஒப்பிடப் பெயர் தெரிந்த புழு ஒன்று வேண்டும். அந்தப் பெயர் உடலைப் பார்த்து வைத்ததுதான். எங்கள் ஆய்வகத்தில் அலமாரி நிறையப் புழுக்களைச் சேர்த்தோம், எல்லாம் ஃபார்மலினில். அதில் டிஎன்ஏ சிதைந்துவிடும். இன்றைக்கும் எனக்கு அது ஆறாத வருத்தம்.

சரி, சாலையில் அடிபட்ட தேரையில் புழு கிடைத்தால், நடுவில் ஒரு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். தலையையும் வாலையும் கிளிசரினில் தெளியவைத்து ஸ்லைடாக வையுங்கள். இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.