கான்டெஸா டீசல் காரில் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் மாட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

நம்பாதீர்கள். முதலில், யாரையும் செல்ஃப் அடிக்க விடாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம்.

உங்களுடையது இசுஸு 2 லிட்டர் டீசல் இன்ஜினாகத்தான் இருக்கும். என்னிடம் இருப்பதும் அதுதான், பெரியப்பா ஓட்டிய வண்டி. கரூரிலிருந்து கோவை வரும்போது வெள்ளக்கோவில் தாண்டி படீரென்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் “பெல்ட்டுதானே சார், சாயங்காலம் ஓட்டிட்டுப் போயிடலாம்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கயிறு கட்டி இழுத்தே கோவை கொண்டுவந்தேன். வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியை, கழற்றினார். மூன்று வால்வுகள் வளைந்திருந்தன. பிஸ்டன் தலையில் வால்வு இடித்த தடம். அப்படியே பெல்ட் மாட்டி ஓட்டியிருந்தால் வால்வு உடைந்து உள்ளே விழுந்து, பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போயிருக்கும்.

டீசல் இன்ஜின் காற்றைச் சுமார் 20 மடங்கு நெருக்குகிறது. பிஸ்டன் மேலே வரும்போது இடைவெளியே இருக்காது. பிஸ்டன்கள் சுற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம்; இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைப்பதுதான் டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்ததும் கேம் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். ஆனால் வண்டி போகிற வேகத்தில் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் இடிக்காமல் என்ன செய்யும்?

பெட்ரோல் வண்டியில் பெல்ட் மட்டும் மாற்றி வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இதை மறுக்கலாம். சில பெட்ரோல் இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் தொடாது, உண்மைதான். பழைய அம்பாசிடரில் பெல்ட்டே கிடையாது, செயின். நான் சொல்வது இந்த டீசலுக்கு.

“இதுக்கு இவ்வளவு செலவா, காயலான் கடையில போடு” என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். அது கூடப் பரவாயில்லை. 2021 விதிப்படி 50 வயது ஆனால்தான் ஒரு காரை விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். 1984-ல் வந்த முதல் கான்டெஸாவுக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இதைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவனுக்கு ஒரு சலுகையும் கிடையாது. மனசு கொதிக்கிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து வால்வு, அது ஏறி இறங்கும் குழாயான கைடு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் ஆயில் சீல் கசிந்து பெல்ட் எண்ணெயில் ஊறியிருந்தது. அதனால் கேம் சீல், கிராங்க் சீல், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இதே பெல்ட்தான் டீசல் பம்ப்பையும் சுற்றுகிறது, கேம், கிராங்க் சக்கரங்களில் உள்ள அடையாள மார்க்குகளோடு அந்தப் பம்ப் மார்க்கும் சேர வேண்டும். மாட்டியதும், ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் குளோ பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டுக் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். தட்டாமல் சுற்றி, மார்க் எல்லாம் மறுபடி நேரே வந்து நின்றால் மட்டும் செல்ஃப்.