பிள்ளைகள் குறைந்தும் வரிசை குறையவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். என் மகள் இந்த வருடம் நீட் எழுதினாள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நீட்டில் அரசுக் கல்லூரி சீட்டுக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. தனியார் கல்லூரிக் கட்டணம் என் சம்பளத்துக்கு நினைத்துப் பார்க்கக்கூடியது இல்லை.

அரசாங்கம் சொன்னதைக் கேட்டு நாங்கள் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டோம். எல்லோரும் அப்படி இருந்திருந்தால் இந்தப் போட்டி வந்திருக்குமா? உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் ஆகிவிட்டோம். சீட்டு கொஞ்சம்தான் இருக்கிறது. அதையும் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றமே அந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஜனத்தொகை குறைகிற வரைக்கும் சம வாய்ப்பு, சமூக நீதி என்று பேசிப் பிரயோஜனம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகளை இன்னொரு வருடம் எழுத வைக்கலாமா என்றும் உங்களிடம் கேட்க ஆசை.

கே., குன்னூர்

அன்புள்ள கே.,

மகளைப் பற்றிக் கடைசியில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கடிதமே அந்த வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன். முதலில் ஜனத்தொகை.

நாம் இருக்கிற மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2001 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. பத்து வருடத்தில் இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் ஜனத்தொகை இறங்கிய மாவட்டம் இது ஒன்றுதான். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் இளவட்டங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப்போனது இன்னொரு காரணம். எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் கிராமம்) தொடக்கப் பள்ளி வாத்தியார், பிள்ளை பிடிக்க வீடு வீடாகப் போகிறார். ‘குன்னூர் பெட்போர்டில் நிற்க இடமில்லையே’ என்பீர்கள். அது மே மாதத்துச் சுற்றுலாக் கார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது அந்தக் கார்களைப் பார்த்துத்தான், பிரசவ வார்டைப் பார்த்து இல்லை.

மாநிலக் கணக்கும் இப்படித்தான். ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை அப்படியே நிரப்ப ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தமிழ்நாடு 2000-ஐ ஒட்டியே அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் கணக்கு 1.8. இந்தியா முழுக்கச் சேர்த்தாலே 2.0 தான். உங்கள் மகளோடு தேர்வு எழுதிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். நீங்கள் ஒன்றோடு நிறுத்தியபோது ஊரே நிறுத்திக்கொண்டிருந்தது, கே.

அப்படியானால் கூட்டம் எங்கிருந்து வந்தது? 2017-ல் நாடு முழுவதும் நீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் பதினோரு லட்சம். 2024-ல் சுமார் இருபத்துநாலு லட்சம். ஏழு வருடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரட்டிப்பாக வழியே இல்லை. சீட்டும் சும்மா இருக்கவில்லை. 2014 வாக்கில் ஐம்பத்தோராயிரம் சொச்சமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்து வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் ஊட்டிக் கல்லூரியும் ஒன்று, 150 இடம். சீட்டு கூடியது, பிறப்பு குறைந்தது, நெரிசல் மட்டும் ஏறியது.

தென்கொரியாவைப் பாருங்கள். 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. அதாவது உங்களைப் போல ஒன்றோடு நிறுத்தியவர்கள் இருக்கும் நாடு அது, ஒன்றுகூட வேண்டாம் என்றவர்களும் நிறைய. அங்கேதான் கல்லூரி நுழைவுத் தேர்வு நாளில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது, விமானங்கள் இறங்கக் கூடாது, ஏறக் கூடாது. பிள்ளைகள் ராத்திரி வரை டியூஷனில் கிடக்கிறார்கள். வெளியூர்க் கல்லூரிகள் ஆள் இல்லாமல் தவிக்க, சியோலில் இருக்கும் நாலைந்து பேர்பெற்ற கல்லூரிகளின் வாசலில் அதே அடிதடி. நம் ஊரிலும் அதுதானே நடக்கிறது? பொறியியலில் வருடா வருடம் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. படித்தால் சோறு நிச்சயம் என்று நம்பக்கூடிய வாசல்கள் சிலதான் என்பதால் எல்லோரும் அங்கேயே போய் நிற்கிறோம்.

இந்த வரிசையில் யார் முன்னால் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. நீட் வந்த பிறகு தமிழ்நாட்டில் என்ன ஆயிற்று என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. 2020-21-ல் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் முதல் முறை எழுதியவர்கள் இல்லை, ரிப்பீட்டர்கள். இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வருமானம் இல்லாமல், கோச்சிங்குக்கும் விடுதிக்கும் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையை ஒரு வருடமோ இரண்டு வருடமோ உட்கார வைக்க முடிகிற வீட்டுக்கு அந்த சீட்டு போகிறது. உங்களுக்கு முன்னால் நின்றவர் வேறு சாதிக்காரராக இருந்திருக்கலாம். காத்திருக்க வசதி உள்ளவராக இருந்திருப்பார் என்பது அதைவிட நிச்சயம்.

காத்திருக்க முடியாத வீடு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். பந்தலூர்ப் பக்கம் கொளப்பள்ளியில் ஒரு பெண். பாட்டி 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர். அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்ட வேலை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பொறியியலுக்கு நல்ல கட்-ஆஃப் வாங்கியிருந்தாள். சாதிச் சான்றிதழுக்குப் பழைய ஆதாரம் கேட்டார்கள் என்று, இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைப் பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். மடிப்பில் இற்றுப்போய், நடுவில் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

கவுன்சலிங்குக்கு சாய்ஸ் கொடுக்கும் நாளில் நானும் ஒரு நண்பரும் கூட இருந்தோம். மழையில் நெட் போய்ப் போய் வந்தது. ஓடிபி அவள் அப்பா போனுக்குப் போகிறது. அப்பாவோ பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில் மருந்து அடித்துக்கொண்டிருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது. தம்பி ஓடிப்போய் போனை வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி நம்பரைக் கத்துவான். அதற்குள் அது காலாவதி ஆகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து. இதெல்லாம் முடிந்து அவள் கொடுக்கவிருந்த பட்டியலைப் பார்த்தால் மூன்றே கல்லூரிகள். மற்ற பிள்ளைகள் ஐம்பது, நூறு என்று அடுக்குவார்கள். ஏன் மூன்று என்று கேட்டேன். பஸ் மாறாமல் போய்ச்சேர முடிகிற ஊராக இருக்க வேண்டும், பெண்கள் விடுதி இருக்க வேண்டும், விடுதிப் பணம் அப்பாவால் கட்ட முடிகிற அளவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தியது அவ்வளவுதான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதத்தில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது, 2021-லிருந்து. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. சொன்ன பிறகு பட்டியல் நீண்டது. இதே மலையில் 1858-லிருந்து உறைவிடப் பள்ளி இருக்கிறது. இன்றைய உறைவிடப் பள்ளிகளில் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதுவது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆலோசகர் உண்டு. கொளப்பள்ளிக்கு அப்படி ஒருவரை அனுப்ப நாடு ஒன்றும் ஏழையாகிவிடாது.

இனி, சாதிவாரி விஷயம். நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை, எனக்கும் வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் வராத வீடு மிகக் குறைவு. உங்கள் வீடும் உள்ளேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி 31 யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததும் இல்லை. மதிப்பெண் இருக்கிற யாரும், எந்தப் பிரிவினரும், அதில் வரலாம். பழங்குடியினருக்கு இருப்பது ஒரு சதவீதம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்தவை என்று மத்திய அரசு பட்டியலிட்ட ஆறு பழங்குடிகளும் நீலகிரியில் இருக்கின்றன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். கூடலூரில் பணியர் பிள்ளைகள் பிளஸ் டூ முடிப்பதே இன்னும் பெரிய விஷயம். உங்கள் மகளின் இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, வரிசைக்கே வந்துசேரவில்லை.

அமெரிக்கத் தீர்ப்பு 2023 ஜூன் 29-ல் வந்தது. நம்மைப் போல எண்ணிக்கை வைத்து ஒதுக்குவது அங்கே 1978-லேயே கூடாது என்றாகிவிட்டது. பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் கருதலாம் என்று மிச்சம் இருந்ததைத்தான் இப்போது எடுத்தார்கள். அப்பா படித்த பேர்பெற்ற கல்லூரியில் பிள்ளைக்குக் கொடுக்கும் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பல தனியார் கல்லூரிகளில் அது இன்னும் ஓடுகிறது. இதை முன்னுதாரணமாக எடுக்கச் சொல்கிறவர்கள் அந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

உங்கள் வாதத்தில் எனக்கு ஒட்டாத இடம் ஒன்று இருக்கிறது. முதலில் ஜனத்தொகை குறையட்டும், நியாயத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறீர்கள். நடந்தது அந்த வரிசையில் இல்லை. உங்கள் ஊரிலேயே தலைமையகம் வைத்திருக்கும் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம், 1971-ல் நீலகிரியின் சில தேயிலை எஸ்டேட்டுகளில் ஒரு திட்டம் நடத்தியது. பெண் தொழிலாளி கர்ப்பமாகாத மாதங்களுக்கு, மாதம் ஐந்து ரூபாய் அவர் பெயரில் சேமிப்புக் கணக்கில் ஏறும். பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க ஜனத்தொகை ஆய்வாளர்கள் பேசிய திட்டம். எனக்கு அதை நினைத்தாலே கூசும். கொழுந்து எடை போடுகிற மாதிரி வயிற்றுக்கும் கணக்கு.

அந்த ஐந்து ரூபாய் இல்லாத ஊர்களிலும் பிறப்பு குறைந்தது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1982-ல் சத்துணவு விரிந்தது. பெண் பிள்ளை எட்டாவதோடு நிற்காமல் பத்தாவது, பன்னிரண்டாவது என்று போனாள், கல்யாணம் தள்ளிப்போனது. இன்று தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 47 என்ற அளவில் உயர்கல்விச் சேர்க்கை இருக்கிறது. நாட்டின் சராசரி 28.4. இரண்டும் 2021-22 கணக்கு. யார் யாரையோ உள்ளே விட்டதால்தான் ஜனத்தொகை அடங்கியது. வரிசை நீண்டதற்கும் பாதிக் காரணம் அதுதான். உங்கள் அம்மா தலைமுறையில் கொளப்பள்ளிப் பெண் வரிசைக்கே வந்திருக்க மாட்டாள்.

ஜனத்தொகை பிரச்சினையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நைஜீரியாவில் அது உண்மையான நெருக்கடி. வருடத்துக்கு ஏறக்குறைய இருபது லட்சம் பேர் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு இடம் இல்லை. அங்கேயும் மத்திய அரசின் பல்கலைக்கழகங்களில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்கு, ஒரு பங்கு சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு, ஒரு பங்கு கல்வியில் பின்தங்கிய மாநிலங்களுக்கு என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். நெரிசல் இருக்கிற இடத்தில்தான் பங்கீட்டை யோசிக்கவே வேண்டியிருக்கிறது. நம் மலைக் கல்லூரியிலும் சுற்றுவட்டாரப் பங்கு ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் ‘நீலகிரியில் படித்தவர்’ என்று மட்டும் விதி போட்டால், மும்பையிலிருந்து வந்து இங்கே உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைதான் முதலில் வரும். அரசுப் பள்ளி என்று சேர்த்துப் போட வேண்டும்.

சரி, மகள். இன்னொரு வருடம் என்பது கோவையில் கோச்சிங், விடுதி, அப்புறம் அவளுடைய மனசு. மூன்றாவதை அவளிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவள் எழுதுகிறேன் என்றால் எழுதட்டும், பாதியில் போதும் என்றால் நிறுத்தவும் விடுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் தமிழ்நாட்டில் நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. வேளாண்மையும் அப்படித்தான். இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் முடிவைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருந்து பலர் கடைசித் தேதியை விட்டுவிடுகிறார்கள். அவள் போட்டிருக்கிறாளா?