காளான் மேகம் எழாத வெடிகள்: மாரலிங்கா பற்றிக் கேட்டவர்களுக்கு

தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மாரலிங்கா என்ற இடத்தில் 1956, 1957 ஆண்டுகளில் பிரிட்டன் 7 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், மகாலிங்கம் மாதிரி ஒலிக்கிறதே, தமிழ்ப் பெயரா?

பதில்: நான்கு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள்! லிங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கே வழக்கொழிந்த ஒரு பழங்குடி மொழியில் 'இடி' என்று பொருள். அந்த நிலத்துக்குரிய அனாங்கு மக்களின் மொழிகூட இல்லை. குண்டு வெடிக்க வந்தவர்கள் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த பெயர்.

கேள்வி: ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் இன்று லட்சக்கணக்கான பேர் குடியிருக்கிறார்கள். ஆளே இல்லாத பாலைவனத்தில் மட்டும் ஏன் இன்னும் நஞ்சு தங்கியிருக்கிறது?

பதில்: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நாகசாகி குண்டு தரையிலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதிலிருந்த புளூட்டோனியம் 6 கிலோ சொச்சம்தான். அதில் ஏறக்குறைய ஒரு கிலோ பிளவுபட்டது, மிச்சத்தில் பெரும்பகுதி தீக்கோளத்தோடு மேலே போய்ச் சிதறிவிட்டது.

மாரலிங்காவிலும் அந்த 7 குண்டுகள் பெரிய சிக்கலில்லை. அவற்றின் கதிரியக்கத்தில் பெரும்பகுதி சில பத்தாண்டுகளில் அடங்கிவிட்டது. நீடித்த நஞ்சு, 'சிறு சோதனைகள்' என்று பெயர் சூட்டப்பட்டவற்றிலிருந்து வந்தது. தீப்பிடித்தாலோ விபத்தில் சிக்கினாலோ அணுகுண்டு என்ன ஆகும் என்று பார்க்க, சாதாரண வெடிமருந்தை வைத்துப் புளூட்டோனியத்தைச் சிதறடித்தார்கள். 'விக்சன் பி' என்ற பெயரில் 1960 முதல் 1963 வரை டாரனாக்கி என்ற இடத்தில் நடந்தவைதான் மிக மோசம். காளான் மேகம் கிடையாது, செய்தித்தாளில் படம் கிடையாது. சுமார் 22 கிலோ புளூட்டோனியம் தரையோடு தரையாகப் பரவியது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 24,100 ஆண்டுகள். 'சிறு' என்ற சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்களோ, கெட்டிக்காரர்!

கேள்வி: புளூட்டோனியத்தின் ஆல்பா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும் என்று பள்ளியில் படித்தோமே, அண்ணா?

பதில்: சரிதான் தம்பி. தோலுக்கு வெளியே இருக்கும்வரை பயமில்லை. மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் அங்கே காகிதம் பிடிக்க ஆளில்லை. கார் போனாலே செம்மண் புழுதி எழும் ஊர் அது. தரையில் படுத்து, தரையில் சமைத்து, மண்ணில் குழந்தைகள் புரண்டு விளையாடும் வாழ்க்கை அனாங்கு மக்களுடையது. ஆபத்தைக் கணக்கிடும்போது இந்த வாழ்க்கைமுறையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது.

கேள்வி: அந்த மக்களிடம் யாராவது சொன்னார்களா?

பதில்: அதற்கு முன், ஆஸ்திரேலிய அமைச்சரவைக்கே யாரும் சொல்லவில்லை. முதல் சோதனைக்கு 1950இல் பிரிட்டன் அனுமதி கேட்டபோது, பிரதமர் மென்சீஸ் அமைச்சர்களைக் கலக்காமலேயே தலையாட்டினார். பழங்குடிகளை எச்சரித்து விலக்கும் பொறுப்பு வால்டர் மக்டூகல் என்ற ரோந்து அதிகாரியின் தலையில் விழுந்தது. கண்ணுக்கெட்டாத பாலைவனத்தை ஒரு மனிதர் எப்படிச் சுற்றிவர முடியும்? அவர் ஆட்சேபித்தபோது, பிரிட்டிஷ் காமன்வெல்த்தைவிட விரல்விட்டு எண்ணக்கூடிய பழங்குடிகள் அவருக்குப் பெரிதாகிவிட்டார்கள் என்று மேலிடத்து விஞ்ஞானி ஒருவர் கடிதத்தில் கடிந்துகொண்டார்.

1957 மே மாதம் ஒரு தம்பதி இரண்டு பிள்ளைகளோடு நடந்துவந்து, குண்டு வெடித்த பள்ளத்தருகே இரவு தங்கியிருந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டி அனுப்பினார்கள். நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். கர்ப்பமாக இருந்த அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

கேள்வி: சுத்தம் செய்துவிட்டதாகப் படித்தேனே?

பதில்: எந்தச் சுத்தத்தைக் கேட்கிறீர்கள்? 1967இல் பிரிட்டிஷ்காரர்கள் செய்தது, மேல்மண்ணை உழுது புரட்டிக் கலந்துவிட்டது. வீட்டுக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுகிற வேலை. புளூட்டோனியத்தில் பெரும்பகுதி குழிகளில் பத்திரமாக இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். 1968இல் ஆஸ்திரேலியாவும் அதை நம்பிக் கையெழுத்திட்டது. 1984இல் ஆஸ்திரேலிய நிபுணர்கள் அளந்து பார்த்தபோது, புளூட்டோனியம் ஒட்டிய உலோகத் துண்டுகள் மேலேயே கிடந்தன. புளூட்டோனியத்தைக் கண்டுபிடிக்க ஆல்பா கதிரைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. புளூட்டோனியத்தோடு சேர்ந்திருக்கும் அமெரிசியம் என்ற தனிமம் காமா கதிரை வெளிவிடும். அதை அளந்தால் புளூட்டோனியத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

பிறகு நீதிபதி மக்லெலண்ட் தலைமையில் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு உட்கார்ந்தது. 2000இல் முடிந்த இரண்டாவது துப்புரவுக்கு 10.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு. 2 சதுர கிலோமீட்டருக்கு மேல் மேல்மண்ணை வழித்துப் புதைத்தார்கள். கழிவுக் குழிகளுக்குள் மின்சாரம் பாய்ச்சி, மண்ணையே உருக்கிக் கண்ணாடிப் பாறையாக்கவும் முயன்றார்கள். அருமையான யோசனை என்பேன். 1999இல் உருக்கிக்கொண்டிருந்த ஒரு குழி வெடித்ததும் அதைக் கைவிட்டு, மிச்சத்தையும் அள்ளி மண்ணுக்குள்ளேயே போட்டு மூடினார்கள். அங்கே பணியாற்றிய பொறியாளர் ஆலன் பார்க்கின்சன் இதை மலிவான வேலை என்று வெளிப்படையாகவே சாடினார். நானும் அவர் பக்கம்தான்.

கேள்வி: இப்போது அங்கே போகலாமா?

பதில்: போகலாம். நிலம் மாரலிங்கா ஜாருட்ஜா என்று அழைக்கப்படும் அனாங்கு மக்களிடம் திரும்பிவிட்டது, சுற்றுலாவும் நடக்கிறது. வெடித்த இடங்களில் மணல் உருகிக் கண்ணாடித் துண்டுகளாகக் கிடக்கும். நினைவுப்பொருள் என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். டாரனாக்கியைச் சுற்றிச் சுமார் 400 சதுர கிலோமீட்டருக்கு எல்லைப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். அதற்குள் வேட்டையாடலாம், கடந்து போகலாம். இரவு தங்கக் கூடாது.